டெயில் லைட்டுக்கு ஸ்மோக்: ஸ்பிரே டப்பாவா, பிலிம் சுருளா?

காரின் டெயில் லைட்டை வீட்டிலேயே கருப்பாக்க இரண்டு சரக்கு கிடைக்கிறது. டப்பாவில் வரும் ஸ்மோக் ஸ்பிரே ஒன்று, சுருளாக வரும் ஸ்மோக் பிலிம் இன்னொன்று. இரண்டையும் வாங்கினேன். ஓடுகிற காரில் எடுத்த எடுப்பில் கை வைக்க மனசு வரவில்லை. விரிசல் விட்டதால் மாற்றிய பழைய லைட் ஜோடி ஒன்று மூலையில் கிடந்தது. இடது லைட்டுக்கு ஸ்பிரே, வலது லைட்டுக்கு பிலிம் என்று பிரித்துக்கொண்டேன். பிராண்ட் பெயர் சொல்லப் போவதில்லை. இந்த வகையில் எதை வாங்கினாலும் கதை ஏறக்குறைய இதுதான்.

முதலில் ஸ்பிரே. டப்பாவின் முதுகில் நாலே வரியில் வேலையை முடித்துவிடுகிறார்கள்: சுத்தம் செய், குலுக்கு, அடி, காயவிடு. அந்த முதல் இரண்டு சொல்லில்தான் பாதி நாள் போகிறது. சோப்புத் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருக்கும் வேக்ஸ் எல்லாம் போன பிறகு, 800 நம்பர் வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் ஏற ஏற நைஸ்) தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். அப்புறம் 1000. பளபளவென்று இருக்கும் லென்ஸை, அதாவது லைட்டின் வெளி மூடியை, நம் கையாலேயே மங்கடிக்கும்போது வயிற்றைப் பிசையும். பாதியில் நிறுத்தக் கூடாது. மூலையிலும் வளைவிலும் பளபளப்பு மிச்சம் இருந்தால் பெயின்ட் முதலில் உரிவது அங்கேதான்.

ஒரு எச்சரிக்கை. அழுக்கு போகட்டும் என்று தின்னரையோ அசிட்டோனையோ தொடவே தொடாதீர்கள். ஹெட்லைட் கண்ணாடி பாலிகார்பனேட், டெயில் லைட் பெரும்பாலும் அக்ரிலிக், இரண்டுமே பிளாஸ்டிக் வகைதான். அக்ரிலிக்குக்கும் இந்தத் திரவங்களுக்கும் ஆகாது. துடைக்கும்போது ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் மயிரிழை போல விரிசல்கள் ஓடியிருக்கும். உள்ளே பல்ப் எரியும்போது ஒவ்வொரு இழையும் மின்னும். அதை எந்த பாலிஷாலும் சரி செய்ய முடியாது.

அடிக்கும் வேலை கேட்பதற்கு எளிது. 20, 25 சென்டிமீட்டர் தள்ளி நின்று, லென்ஸுக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, அந்தப் பக்கம் தாண்டிய பிறகே விரலை எடுக்க வேண்டும். முதல் கோட் தூவின மாதிரி இருந்தால் போதும், முழுக்க மூடக் கூடாது. என் கை இதற்குப் பழகிய கை, அதனால் வழியவில்லை. ஆனால் அன்றைக்குக் காற்றில் ஈரம் அதிகம். இரண்டாவது கோட் காயக் காய மேலே வெள்ளையாகப் பூத்துவிட்டது. ஈரக் காற்றில் லாக்கர் வகை பெயின்ட் அடித்தால் இப்படித்தான் ஆகும். பெயின்டர்கள் மழை நாளில் வேலையைத் தள்ளிப்போடுவது சும்மா இல்லை. வெயில் வந்த பிறகு லேசாகத் தேய்த்து மறுபடி அடித்ததில் சரியாகிவிட்டது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ஸ்மோக் கோட் தானாக மங்கலாகத்தான் காயும். பளபளப்பு வேண்டுமென்றால் மேலே நிறமில்லாத கிளியர் கோட் அடிக்க வேண்டும். சாதாரண கிளியர் வெயிலில் மஞ்சளாகும், பெட்ரோல் பட்டால் கரையும். உறுதியாக நிற்பது ஹார்ட்னர் கலந்த 2கே கிளியர். அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, நுரையீரலுக்குக் கெடுதல். முகத்தில் துணி கட்டிக்கொண்டு அடிக்கிற சமாச்சாரம் இல்லை. கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடி, கையுறை, திறந்த வெளி மூன்றும் வேண்டும். டெயில் லைட்டைக் கருப்பாக்க இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்ற கேள்வி எனக்கு இந்த இடத்தில் வந்தது. உங்களுக்கும் வரும்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். கிளியர் காய்ந்து, 2000 பேப்பர் போட்டு, பாலிஷ் காம்பவுண்டால் தேய்த்து முடித்ததும் அந்த லைட்டைப் பார்த்தால் கம்பெனியிலிருந்தே அப்படி வந்த மாதிரி இருந்தது. ஓரம் கிடையாது, ஒட்டு கிடையாது. அணைந்திருக்கும்போது சிவப்பு ஆழத்தில் எங்கோ இருக்கிறது. பார்வைக்கு ஸ்பிரேயை பிலிமால் நெருங்கவே முடியாது.

பிலிம் கதை வேறு. பெட்டிக்குள் 30 சென்டிமீட்டர் அகலச் சுருள், தண்ணீரைத் தள்ள ஒரு பிளாஸ்டிக் ஸ்க்வீஜி, ஒரு கத்தி. கத்தியைத் தூக்கிப் போட்டுவிட்டு, நுனியை உடைத்து உடைத்துப் புதிதாக்கும் கட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்க்வீஜியின் ஓரம் கடினம், அப்படியே இழுத்தால் பிலிமில் கீறல் விழும். மெல்லிய மைக்ரோபைபர் துணியைச் சுற்றிக்கொண்டால் சரி.

லைட்டைக் காரிலிருந்து கழற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். டிக்கிக்குள் சில நட்டுகள், ஒரு கனெக்டர், பெரும்பாலும் அவ்வளவுதான். காரிலேயே வைத்து ஒட்டினால் ஓரத்தில் கத்தி ஓடும்போது பக்கத்துப் பெயின்டையும் அறுக்கும். கழற்றி ஒட்டினால் ஓரத்தைப் பின்பக்கம் கொஞ்சம் மடக்கிவிடலாம். பிலிம் எழும்புவது எப்போதும் ஓரத்தில்தான், அதனால் இந்த மடிப்புதான் அதன் ஆயுள். ஆனால் பின்னால் இருக்கும் ரப்பர் கேஸ்கெட்டின் மேல் மடக்காதீர்கள். அந்த இடைவெளி வழியாக டிக்கிக்குள் தண்ணீர் இறங்கும்.

தண்ணீரில் நாலு சொட்டு ஷாம்பூ விட்டு லென்ஸிலும் பசைப் பக்கத்திலும் தாராளமாகத் தெளித்தால், பிலிமை இஷ்டத்துக்கு நகர்த்தி வைக்கலாம். நடுவிலிருந்து வெளியே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். தட்டையான பகுதி சீக்கிரம் முடிந்துவிடும். பக்கவாட்டில் வளைந்து போகும் மூலைதான் உயிரை வாங்குகிறது. அங்கே ஹீட் கன்னால் இளக்கி இழுக்க வேண்டும். ஹீட் கன்னைக் கிட்டே பிடித்து ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். அக்ரிலிக் 100 டிகிரிக்குச் சற்று மேலேயே இளக ஆரம்பிக்கும், ஹீட் கன் காற்றோ அதைவிடப் பல மடங்கு சூடு. ஹேர் டிரையர் போதும் என்பதே என் கட்சி. நேரம் பிடிக்கும், லென்ஸ் பிழைக்கும்.

வினைல் பிலிமுக்குத் தன் பழைய அளவு ஞாபகம் இருக்கும். நிறைய இழுத்து ஒட்டினால் சில வாரத்தில் ஓரத்திலிருந்து பின்வாங்கும். பாலியூரிதேன் பிலிம் தடிமன் அதிகம், விலையும் அதிகம், ஆனால் வளைவில் ஒழுங்காகப் படிகிறது. மூலை வளைவு அதிகமுள்ள லைட் என்றால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள்.

ஒட்டி முடித்ததும் பிலிமுக்குள் பால் கலந்த மாதிரி இருந்தால் பதற வேண்டாம். சிக்கிய தண்ணீர் சில நாளில் ஆவியாகிவிடும். போகாத இடம் ஒன்று உண்டு. லென்ஸில் புடைத்து நிற்கும் சின்ன எழுத்துகளைக் கவனித்திருக்கிறீர்களா? வட்டத்துக்குள் ஆங்கில E, பக்கத்தில் ஒரு எண், கீழே இன்னும் சில எண்கள். ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் காற்று நின்று வெள்ளி வளையம் கட்டிக்கொள்கிறது. எவ்வளவு சூடாக்கி அழுத்தினாலும் போகவில்லை. இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது, எனக்குத் தெரியும்.

அந்த எழுத்துகள் சும்மா அலங்காரம் இல்லை. இந்த லைட் இன்ன விதிப்படி சோதிக்கப்பட்டது என்பதற்கான முத்திரை அது. மேலே எதைப் பூசினாலும் ஒட்டினாலும் சோதித்த லைட் இல்லை என்று ஆகிவிடும். பல நாடுகளில் பின்விளக்கைக் கருப்பாக்குவது குற்றம், தகுதிச் சோதனையிலும் திருப்பி அனுப்புவார்கள். உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிட்டுக் காசைச் செலவழியுங்கள்.

இப்போது வெளிச்சத்துக்கு வருவோம். போனில் வெளிச்சம் அளக்கும் ஆப்பை ஒரே தூரத்தில் நிறுத்தி, ஒரே பல்பை எரித்துப் பார்த்தேன். துல்லியமான கருவி இல்லை, ஒப்பிடப் போதும். லைட் ஸ்மோக் (கருப்பு குறைந்த வகை) என்று எழுதியிருந்த பிலிம் வழியாகப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. ஸ்பிரே அடித்த லென்ஸில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. கண்ணுக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது என்பதுதான் இதில் சூழ்ச்சி. வெளிச்சம் பாதியானால் கண் அதைப் பாதியாக உணர்வதில்லை. ஷெட்டுக்குள் நிறுத்தி பிரேக்கை மிதித்து, ‘நல்லாத்தானே தெரியுது’ என்று எல்லாரும் திருப்திப்பட்டுக்கொள்வது இதனால்தான்.

கணக்குப் போட்டால் விஷயம் புரியும். பின்னால் போடும் இரட்டை இழை பல்பில் 21 வாட் இழை பிரேக்குக்கு, 5 வாட் இழை பார்க்கிங் லைட்டுக்கு. பல்ப் மொத்தமாக விடும் வெளிச்சத்தை லூமெனில் சொன்னால் முன்னது 440, பின்னது வெறும் 35. இரவில் கார் இருப்பதைக் காட்டுவது அந்த 35தான். ஐ.நா. வாகன விதி எண் 7 பிரேக் லைட்டுக்கு நேர் பின்னால் குறைந்தது 60 கேண்டெலா (ஒரு திசையில் போகும் வெளிச்சத்தின் அளவு) கேட்கிறது, பார்க்கிங் லைட்டுக்கு 4. உதாரணத்துக்கு 75 கேண்டெலா தரும் பிரேக் லைட்டின் மேல் பாதி வெளிச்சம் விடும் பிலிமை ஒட்டினால் 38க்கு வந்துவிடும். இரண்டு அடுக்கு ஒட்டினால் கால்வாசிதான் மிச்சம்.

கருப்பு பிலிம் வெயிலையும் சேர்த்துக் குறைப்பதால் பகலில் பிரேக் லைட் இன்னும் தெளிவாகத் தெரியும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. வெயில் உள்ளே போய்த் திரும்பி வர பிலிமை இரண்டு தடவை கடக்கிறது, பல்ப் வெளிச்சம் ஒரு தடவைதான். அணைந்த லென்ஸ் இன்னும் இருட்டாகத் தெரிவது நிஜம். ஆனால் பளபள மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் அப்படியேதான் இருக்கிறது, பல்பிலிருந்து வருவதோ பாதி.

அந்த இரண்டு தடவைக் கணக்கு ரிஃப்ளெக்டரில் நமக்கு எதிராகத் திரும்புகிறது. என் ஆட்சேபம் முழுக்க இங்கேதான். நிறைய டெயில் லைட்டுகளில் ரிஃப்ளெக்டரும் அதே லென்ஸுக்குள் இருக்கும், தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக. பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் பிலிமைக் கடந்து உள்ளே போய், திரும்பவும் கடந்து வெளியே வர வேண்டும். பாதி விடும் பிலிம் என்றால் கால்வாசிதான் திரும்பும், மூன்றில் ஒரு பங்கு விடும் ஸ்பிரே என்றால் ஒன்பதில் ஒரு பங்கு. பேட்டரி தீர்ந்து இருட்டில் ரோட்டோரம் நிற்கும் காரைக் காட்ட அந்த ஒரு துண்டு பிளாஸ்டிக்கைத் தவிர வேறு எதுவும் இல்லை. இருட்டிய பிறகு இரண்டு பழைய லைட்டுகளையும் தரையில் வைத்து, தூரத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பிலிம் போட்டது மங்கலாக ஒரு சிவப்பைக் காட்டியது. ஸ்பிரே அடித்தது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

எல்.இ.டி. பல்ப் போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. இழை பல்புக்காக வடிவமைத்த கூட்டில் எல்.இ.டி. வெளிச்சம் வேறு இடத்திலிருந்து கிளம்புகிறது, பரவல் கெடும். வெள்ளை எல்.இ.டி. சிவப்பு லென்ஸ் வழியாக வெளிறித் தெரியும், போடுவதென்றால் சிவப்பே போட வேண்டும். இண்டிகேட்டரில் போட்டால் மின்சாரம் குறைவாக இழுப்பதால் பல்ப் போய்விட்டது என்று நினைத்து படபடவென்று வேகமாக அடிக்கும். ஒன்றைச் சரி செய்யப் போய் மூன்றை இழுத்துவிடும் வேலை.

கடைசியில் காரில் போட்டது பிலிம், அதுவும் லைட் ஸ்மோக், ஒரே அடுக்கு. முழு லென்ஸுக்கும் இல்லை. ரிஃப்ளெக்டர் பகுதியை அளந்து வெட்டி எடுத்துவிட்டேன். ரிவர்ஸ் லைட்டையும் இண்டிகேட்டரையும் திறந்தே விட்டேன். ரிவர்ஸ் லைட்டை மூடினால் இரவில் பின் கேமராவில் புள்ளி புள்ளியாக இருட்டுதான் தெரியும். பின் கண்ணாடிக்கு மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டைத் தொடவே இல்லை. மிச்சம் கருப்பானது என்ன என்று கேட்டால், பார்க்கிங் லைட்டைச் சுற்றி வரும் பட்டையும் மூலையும்தான். போட்டோவில் பார்த்து ஆசைப்பட்ட முழுக் கருப்பு இல்லை. அரைகுறை என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

ஐந்துக்கு மார்க் போடச் சொன்னால், ஸ்பிரேக்கு அழகில் ஐந்து, மற்றதெல்லாம் சேர்த்து ஒன்று. கண்காட்சியில் நிறுத்தும் வண்டிக்கு மட்டும் அதை வாங்கலாம். பிலிமுக்கு மூன்றரை. அந்தக் கத்திக்காக அரை மார்க் குறைத்தேன்.

பிலிமைக் கழற்றுவதையும் பழைய லைட்டில் சோதித்துவிட்டேன். ஹேர் டிரையரால் வெதுவெதுப்பாக்கி, ஒரு மூலையைக் கிளப்பி, லென்ஸோடு ஒட்டின மாதிரி தாழ்வாக மெதுவாக இழுத்தால் ஒரே துண்டாக வருகிறது. அவசரப்பட்டு இழுத்தால் பசை லென்ஸிலேயே தங்கும், அதைச் சோப்புத் தண்ணீரும் விரலும் வைத்து உருட்டி உருட்டித்தான் எடுக்க வேண்டும். ஸ்பிரே லைட்டைப் பழையபடி ஆக்க மறுபடி 800இலிருந்து தொடங்கி 2000 வரை தேய்த்துப் பாலிஷ் போட வேண்டும். பாதி தேய்த்து அப்படியே வைத்திருக்கிறேன்.