சிகிச்சை அறையா, ஆய்வுக் களமா?

வேலூரில் உளவியல் முதுகலை முடித்தவருக்கு இரண்டு வழிகள் உண்டு. சிகிச்சைத் துறையின் நிறைவு கண்ணெதிரே கிடைப்பது. நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறைக்குப் பெயர்பெற்ற சி.எம்.சி. மனநல மையம் பாகாயத்தில் இருக்கும் இவ்வூரில், வாரக்கணக்கில் பேசாதிருந்த மகன் தாயிடம் சோறு கேட்பதைக் காணும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை. ஆனால், அன்றாடம் பிறர் துயரைக் கேட்பது ஆளையே கரைத்துவிடும். மருத்துவ உளவியலாளராக, ஒன்றிய அரசின் சட்டபூர்வ அமைப்பான இந்திய மறுவாழ்வு மன்றத்தின் (RCI) பதிவும் வேண்டும்.

ஆய்வோ பொறுமையைக் கேட்கும். குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண் கை நிற்காமலேயே தன் தூக்கமின்மையைப் பற்றிச் சொல்ல, அதைக் குறித்துக்கொள்பவருக்குப் பலன் தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம். உதவித்தொகையும் (நேரத்துக்கு வந்தால்) சொற்பமே. ஆயினும், ஒருவருக்குப் பயன்பட்ட சிகிச்சை மற்றவர்களுக்கும் பயன்படுமா என்பதை ஆய்வின்றி அறிய இயலாது என்பதால், என் சாய்வு அதன் பக்கமே.