கருப்பூர் அரசுக் கல்லூரியா, கடன் வாங்கித் தனியார் கல்லூரியா?

சேலத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்றால் பெரும்பாலும் இரண்டு வழி. ஒன்று, 1966இல் தொடங்கிய கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரி. இன்னொன்று, வங்கிக் கடனில் தனியார் கல்லூரி.

கடன் கணக்கை முதலில் பார்ப்போம். 4 லட்சம் ரூபாய் வரை பொதுவாகச் சொத்து ஈடு கேட்பதில்லை. 10 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் அடைப்பதாக வைத்தால் மாதத் தவணை சுமார் 8,500 ரூபாய். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைக்கும் ஒருவரின் மகளுக்கு, முதல் சம்பளத்தில் பெரும் பங்கு அதிலேயே போய்விடும். நல்ல வேலைக்காகக் காத்திருக்கவும் முடியாது, கிடைத்ததில் சேர வேண்டியதுதான்.

கருப்பூரில் கட்டணம் சொற்பம். மீதியை வரிப்பணம் சுமக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்கு, 2022இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. ஏற்காடு எஸ்டேட் கூலிக் குடும்பத்துக்கு அது பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும். ஆனால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் அதே குறைந்த கட்டணம்தான். அது எனக்கு நெருடல். படித்தவர் பெங்களூருக்குப் போய்விட்டால் நம் ஊருக்கு என்ன லாபம் என்பதும் நியாயமான கேள்விதான்.

சரி, அரசு வழியின் பெரிய குறை இடம் போதாதது. ஆனால் அதற்கும் ஒரு வழி உண்டு: அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் சேர்ந்தால், கட்டணத்தை அரசே கட்டுகிறது. என்னைக் கேட்டால், கருப்பூரில் இடம் கிடைத்தால் விட வேண்டாம். கிடைக்காவிட்டால், வங்கிக்குப் போகும் முன் இந்த ஒதுக்கீட்டையும் முதல் பட்டதாரி சலுகையையும் விசாரித்துவிடுங்கள்.