பனிக்காலம் கழித்துத் திறக்கும் பூல்: நீரை மாற்றுவதா, குளோரினால் மீட்பதா?

ரொறன்ரோவை அண்டிய ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் பக்கம் பின்வளவுகளில் தரைக்கு மேல் நிற்கும் பூல்களின் (நீச்சல் குளங்களின்) மூடியை வசந்தத்தில் விலக்கும்போது உள்ளே இருப்பது பெரும்பாலும் பச்சைத் தண்ணீர்தான். அதைப் பார்த்ததும் மூன்று யோசனைகள் வரும். முழுவதையும் இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்பலாம். ஃப்ளொக் போட்டு அழுக்கை அடியில் படியவைத்து உறிஞ்சி எடுக்கலாம். குளோரினை உயர்த்திப் பிடித்து அதே நீரை மீட்கலாம். இரும்புச் சுவரும் வினைல் லைனரும் (நீரைத் தாங்கும் உள் விரிப்பு) உள்ள பூலுக்கு மூன்றாவதுதான் சரியான வழி. விதிவிலக்கு உண்டு. அதைத் தீர்மானிப்பது நீரின் நிறமல்ல, சயனூரிக் அமில அளவு. கடைகளில் ஸ்டெபிலைசர் என்று விற்பது அதைத்தான்.

கணக்குக்கு 24 அடி வட்டப் பூலை எடுத்துக்கொள்வோம். 4 அடி ஆழ நீர் என்றால் ஏறத்தாழ 50,000 லீற்றர். 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குளோரின் ஏற்ற 50 கிராம் குளோரின் வேண்டும். 18 அடிப் பூலுக்கு (29,000 லீற்றர் அளவில்) கீழே வரும் அளவுகளை 0.6 ஆல் பெருக்கினால் போதும்.

எப்போது திறப்பது

விக்டோரியா தின நீள வார இறுதிக்குத் திறப்பது ஒன்ராறியோ வழக்கம். அது பூலுக்கு நல்லதல்ல. மே மூன்றாம் வாரம் வெயிலில் கிடந்த கருமூடியின் கீழ் நீர் 15 பாகையைத் தாண்டியிருக்கும், பாசியும் பெருகத் தொடங்கியிருக்கும். ஏப்ரல் கடைசியில் நீர் 10, 12 பாகையில் இருக்கும்போதே திறந்து குளோரின் போட்டால் செலவு மிகக் குறைவு. நீந்த ஆறு வாரம் இருக்கலாம். ஆனாலும் முந்தித் திறந்தவர்களுக்குப் பெரும்பாலும் தெளிந்த நீரே கிடைக்கும். இந்த அலசலின் மிச்சப் பகுதி அவர்களுக்குத் தேவைப்படாமலே போகலாம்.

மூடியின் மேல் தேங்கியதை அமிழ் பம்பால் இறைக்கும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும். மூடியில் சிறு கிழிசல் இருந்தாலும் பம்ப் பூலுக்குள் இருக்கும் நீரையே இழுத்துக்கொண்டிருக்கும். மேலே உள்ளது குறையாமல் பூல் மட்டம் இறங்குகிறது என்றால் உடனே நிறுத்திவிட்டு, மிஞ்சியதை வாளியால் அள்ளுங்கள். இலைகளை வலையால் முதலில் எடுத்துவிட வேண்டும். அடியில் கிடக்கும் இலைக்குவியல் குளோரினைத் தின்னும் வேகத்துக்கு எந்தப் போத்தலும் ஈடுகொடுக்காது.

பம்பின் வடிகால் மூடிகளையும் ஓ-வளையங்களையும் பூட்டும்போது சிலிக்கன் கிறீஸ் பூசுங்கள். வசலின் போன்ற பெற்றோலிய வகை றப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். ஸ்கிம்மர் (மேல்நீரை இழுத்துப் பில்டருக்கு அனுப்பும் பெட்டி) வாயில் பனிக்கட்டி பிளந்த கீறல் இருக்கிறதா என்று நீர் அந்த மட்டத்துக்கு ஏறுவதற்கு முன்பே பாருங்கள். பம்பைச் செருகும் சுவர் முனை ஜிஎஃப்சிஐ (மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும்) வகையாக இருப்பதையும், அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் துண்டிக்கப்படுவதையும் உறுதிசெய்த பிறகே பம்பை ஓட்டலாம்.

இறைத்து நிரப்புதல்

சுத்தமாகத் தொடங்கலாம் என்ற ஆசையில்தான் பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் இந்தப் பூலின் சுவரை நிமிர்த்தி வைத்திருப்பதே நீரின் அழுத்தம்தான். வெறுமையான வட்டச் சுவரை ஒரு பலமான காற்று மடித்துவிடும். அடுத்தது லைனர். பத்து ஆண்டு கண்ட வினைல் நெகிழ்வை இழந்திருக்கும். நீரை எடுத்தால் அது சுருங்கும். திரும்ப நிரப்பும்போது அடிவிளிம்பிலோ ஸ்கிம்மர் சட்டத்தைச் சுற்றியோ கிழியும். 10 பாகைக் குளிரில் இது இன்னும் மோசம். பனி உருகிய களிமண் நிலத்தில் தண்ணீர் மேலேயே நிற்பதால், வெற்று லைனரின் கீழ் ஊறிவந்து அதைத் தூக்கிவிடவும் கூடும். அடியிலுள்ள மணல் இடம்பெயர்ந்தால் உண்டாகும் சுருக்கங்கள் பிறகு போகாது.

நேரத்தையும் பாருங்கள். தோட்டக் குழாய் நிமிடத்துக்கு 20 லீற்றர் தந்தால் 50,000 லீற்றருக்கு 42 மணித்தியாலம் வேண்டும். ரொறன்ரோ குழாய்நீரில் குளோரமைன் சேர்க்கப்படுவதால், புதிதாக நிரப்பிய பூலைச் சோதித்தாலும் கொஞ்சம் கட்டுண்ட குளோரின் (அமோனியாவோடு இணைந்து வீரியம் குறைந்தது) காட்டும். அது பழுதல்ல.

இறைக்கும் நீர் எங்கே போகிறது என்பது எல்லாவற்றையும் விட முக்கியம். தெருவோர மழைநீர் வடிகால் நேரே ஓடைக்கும் ஏரிக்கும் போய்ச் சேருகிறது. குளோரின் கலந்த நீர் மீன்களைக் கொல்லும். நகரத்துக்கு நகரம் விதி வேறு என்பதால், ரொறன்ரோவில் 311 ஐ அழைத்துக் கேட்டுவிட்டு இறையுங்கள்.

ஆனால் காற்று வளையம் கொண்ட, அல்லது துணிச்சுவர்க் குழாய்ச் சட்டம் கொண்ட சிறு பூல்களுக்குச் சுவர், லைனர் பற்றிய இந்தத் தடைகள் இல்லை. 10,000, 15,000 லீற்றர்ப் பூலை மீட்க ஒரு வாரம் குளோரின் ஊற்றுவதைவிட, இறைத்துக் கழுவி நிரப்புவதே நல்லது.

ஃப்ளொக்

ஃப்ளொக் என்பது பெரும்பாலும் படிகாரம். மிதக்கும் துகள்களை ஒட்டிச் சேர்த்து அடியில் இறக்கும். விளம்பரத்தில் ஒரே இரவில் தெளிவதாகச் சொல்வார்கள். துகள்கள் இறந்திருந்தால் அது உண்மைதான். ஆனால் ஃப்ளொக் பாசியைக் கொல்லாது. உயிர்ப்பாசி மீதியிருந்தால் மூன்றாம் நாளே பச்சை திரும்பும்.

செய்முறையிலும் ஒரு பெரிய தடை இருக்கிறது. மணல் பில்டரின் வால்வை மறுசுழற்சியில் வைத்து இரண்டு மணித்தியாலம் கலக்கி, பம்பை நிறுத்தி ஓர் இரவு விட்டு, காலையில் படிந்ததை மிக மெதுவாக உறிஞ்சி வெளியே விட வேண்டும். அதற்கு வால்வில் கழிவு நிலை இருந்தாக வேண்டும். காட்றிட்ஜ் பில்டர்களில் பொதுவாக அது கிடையாது. படிந்த களி காட்றிட்ஜுக்குள் போனால் அதைக் கழுவி மீட்பது கடினம். மணலுக்குள் போனாலும் மணல் கட்டியாகும். உறிஞ்சும்போது மட்டம் 10 சதமமீற்றர் இறங்கினாலே 4,200 லீற்றர் போய்விடும், ஆகவே குழாயைத் திறந்து வைத்துக்கொண்டே உறிஞ்ச வேண்டும். படிகாரம் காரத்தன்மையையும் பிஎச்சையும் இறக்கும். பாசி செத்து நீர் பால்போல் ஆன பிறகு, கழிவு நிலை உள்ள மணல் பில்டர்காரர்கள் அவசரத்துக்கு இதைப் பயன்படுத்தலாம். முதல் மருந்தாக அல்ல.

குளோரினை உயர்த்திப் பிடித்தல்

ஒரு பை ஷாக் (ஒரேயடியாகப் போடும் குளோரின் தூள்) போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பதுதான் நாம் காணும் பொதுவான பிழை. பாசி ஓரிரு மணித்தியாலத்தில் அந்தக் குளோரினை முடித்துவிட்டு மீண்டும் வளரும். அளவை உயர்த்தி அங்கேயே நிறுத்த வேண்டும். எவ்வளவு உயரம் என்பதைச் சயனூரிக் அமிலம் சொல்லும், அதன் 40 சதவீதம் அளவில். 30 பிபிஎம் இருந்தால் குளோரின் 12, 50 இருந்தால் 20, 80 இருந்தால் 32. அந்த அமிலம் குளோரினை வெயிலிலிருந்து காக்கிறது, அதேவேளை அதன் வீரியத்தையும் கட்டிவைக்கிறது. அதனால்தான் அதை அளக்காமல் ஊற்றும் குளோரின் வீணாகிறது. சோதனைக்கு எடுக்கும் நீரை வீட்டுக்குள் வைத்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகே அளக்க வேண்டும். குளிர்நீரில் அந்தச் சோதனை பிழையாகக் காட்டும்.

முதலில் பிஎச்சை 7.2 க்குக் கொண்டுவாருங்கள். குளோரின் 10 ஐத் தாண்டிய பிறகு பிஎச் சோதனையை நம்ப முடியாது. பிறகு பம்பை இரவுபகலாக ஓடவிட்டு, முதல் நாள் ஓரிரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அளந்து, குறைந்ததை ஊற்றி, சுவரையும் ஏணியின் பின்பக்கத்தையும் தேய்க்க வேண்டும். நிறம்பார்க்கும் சாதாரண சோதனைக்கு இந்த உயரம் எட்டாது. துளித்துளியாக எண்ணும் எஃப்ஏஎஸ்-டிபிடி சோதனைப் பெட்டி வேண்டும். பில்டர் அழுத்தம் சுத்தநிலையை விட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் மணலைப் பின்கழுவ வேண்டும். காட்றிட்ஜ் என்றால் இரண்டு வைத்து மாற்றி மாற்றிக் கழுவுவதே வசதி.

பச்சை சாம்பலாகி வெண்மையானால் பாசி செத்துவிட்டது. அதற்குப் பிறகு வேலை பில்டருடையது, சின்னப் பில்டர் என்றால் பொறுமை வேண்டும். நீர் தெளிந்து, கட்டுண்ட குளோரின் 0.5 அல்லது குறைவாக இருந்து, இரவு முழுவதும் குளோரின் இழப்பு 1 பிபிஎம்மைத் தாண்டாவிட்டால் முடிந்தது. மூன்றும் சேர்ந்தே நிறைவேற வேண்டும். நீர் தெளிவாக இருந்தும் பச்சையாகவே நின்றால் அது பாசி அல்ல, செம்பு. குளோரின் போட்டவுடன் பழுப்பானால் இரும்பு, கிணற்று நீர் நிரப்பியவர்கள் இதை எதிர்பார்க்கலாம்.

எந்தக் குளோரின்

10 பிபிஎம் ஏற்ற நமது 50,000 லீற்றருக்கு 12 சதவீதத் திரவக் குளோரின் 4.2 லீற்றர், 65 சதவீதக் கல்சியம் ஹைப்போகுளோரைட் 770 கிராம், 56 சதவீத டைகுளோர் 890 கிராம் வேண்டும். பையைத் தூக்குவது சுலபம் என்பதால் தூள் மலிவாகத் தோன்றும். உண்மையான விலை கூடவே வருவதில் இருக்கிறது. டைகுளோர் ஏற்றும் ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினுடனும் 9 பிபிஎம் சயனூரிக் அமிலம் ஏறும். கடும்பச்சைப் பூலைத் தெளியவைக்க 100 பிபிஎம் அளவில் செலவானால் அமிலம் 90 கூடும். குளோரின் இலக்கும் அதோடு ஓடிக்கொண்டே போகும். ஜூலையில் “எவ்வளவு போட்டாலும் பச்சை” என்ற புலம்பலின் வேர் பெரும்பாலும் இங்கேதான். டிரைகுளோர் வில்லைகளும் அதே அமிலக் குடும்பம், அத்துடன் மெதுவாகவே கரையும்.

கல்சியம் வகை 10 பிபிஎம்முக்கு 7 பிபிஎம் கடினத்தன்மை சேர்க்கும். ஒன்ராறியோ ஏரி நீருக்கு இது கவலையில்லை. நிலத்தடி நீர் கடினமான கிச்சனர், குவெல்ஃப் பக்கம் கவனம் தேவை. துகளை நேரே தூவினால் லைனரில் வெள்ளைப் புள்ளிகள் விழும். நீர் நிறைந்த வாளியில் கரைத்தே ஊற்ற வேண்டும், எப்போதும் நீருக்குள் மருந்து, மருந்துக்கு மேல் நீர் அல்ல. கல்சியம் வகையை டைகுளோருடனோ டிரைகுளோருடனோ ஒரு கரண்டியளவு கலந்தாலும் தீப்பற்றி வெடிக்கக்கூடும். ஒரே அளவைக் கிண்ணத்தை இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள்.

திரவம் சிறிது உப்பை மட்டுமே விட்டுச் செல்கிறது. வெக்கையில் வைத்தால் வீரியம் குறைவதும், தூக்கப் பாரமாக இருப்பதும் அதன் குறைகள். விற்பனை வேகமான கடையில் வாங்கி நிழலில் வையுங்கள், பிஎச்சைக் குறைக்கும் அமிலப் போத்தலுக்குப் பக்கத்தில் வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு. எதை வாங்கினாலும் லேபலில் சுகாதாரக் கனடாவின் பிசிபி (பீடைக் கட்டுப்பாட்டுப் பொருள்) பதிவெண் இருக்க வேண்டும்.

நீரை மாற்றியே ஆகவேண்டிய நிலை

சயனூரிக் அமிலம் 80 க்கு மேல் என்றால் பாதி நீரை மாற்றுங்கள், முழுவதையும் அல்ல. 60 சதமமீற்றர் விட்டு வைத்தால் சுவரும் லைனரும் இடத்தில் நிற்கும். 90 என்பது 45 ஆகும்.

இன்னொரு நிலை பலருக்குத் தெரியாது. இலையுதிர்காலத்தில் 50 இருந்த அமிலம் வசந்தத்தில் பூச்சியம் காட்டலாம். மூடியின் கீழ் குளோரின் இல்லாத நீரில் நுண்ணுயிர்கள் அதை அமோனியாவாக உடைத்துவிடும். 10 பிபிஎம் திரவக் குளோரின் ஊற்றிப் பத்து நிமிடத்தில் அளந்து பாருங்கள். பாதிக்கும் கீழே விழுந்திருந்தால் அமோனியா என்று சந்தேகிக்கலாம். ஒவ்வொரு பிபிஎம் அமோனியாவும் 8 முதல் 10 பிபிஎம் குளோரினைத் தின்னும். அப்போது 10 பிபிஎம் வீதம் பத்து நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்ப ஊற்றி அளக்க வேண்டும். குளோரின் நிலைக்கத் தொடங்கிய பிறகே ஸ்டெபிலைசரை 30 வரை, காலுறை ஒன்றில் போட்டு நீர் திரும்பிவரும் வாயின் முன் தொங்கவிட்டுச் சேர்க்கலாம். அரை நாள் ஊற்றியும் நிலைக்காவிட்டால் பாதி நீரை மாற்றுவதே மலிவு.