ஈபே ஏலத்தில் பாவித்த பைனாக்குலர்: யாழ்ப்பாணத்து விலாசத்துக்கு வாங்கலாமா?

வாங்கலாம். பண்ணைப் பாலத்திலும் மண்டைதீவுக் கரையிலும் தொண்டைமானாற்றிலும் பறவை பார்ப்பவருக்கு, புதிதாக வாங்கப்போனால் கையைக் கடிக்கும் தரத்திலுள்ள யப்பான், ஜேர்மன் பைனாக்குலர்களைக் கட்டுப்படியான விலையில் தேடித்தரும் இடம் ஈபே ஏலத்தை விட்டால் அதிகம் இல்லை. தேடும் வசதியிலும், விற்பவரின் முன்வரலாறு தெரிவதிலும், காசுக்குள்ள பாதுகாப்பிலும் அது முகநூல் விற்பனைக் குழுக்களைவிட எவ்வளவோ மேல். அதன் பலவீனம் ஏலம் முடிந்த பிறகுதான் தலைகாட்டும். அனுப்பும் செலவு, சுங்கம், பிழையென்றால் திருப்பி அனுப்பும் தொல்லை. 40 டொலருக்கு வென்ற சாமான் வீட்டு வாசலுக்கு வரும்போது நூறைத் தொட்டிருந்தால் அதில் ஆச்சரியமில்லை.

முதலிலேயே ஒன்றைத் தள்ளிவைத்துவிடலாம். ‘ஸ்கோப்’ என்று தேடினால் பறவை பார்க்கும் ஸ்பொற்றிங் ஸ்கோப்போடு துப்பாக்கியில் பூட்டும் றைபிள் ஸ்கோப்பும் கலந்து வரும். மலிவாக இருக்கிறதே என்று அதைத் தொடக்கூடாது. சுங்கப் பண்டக் குறியீட்டில் பைனாக்குலரும் சாதாரணத் தொலைநோக்கியும் 9005 இன் கீழ் வரும். ஆயுதத்தில் பூட்டும் குறிபார்க்கும் கருவி 9013. அமெரிக்காவிலிருந்து அதை அனுப்புவது அந்த நாட்டின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டது. வடக்கில் ஒரு விலாசத்துக்கு அது வந்து இறங்கினால் ‘பறவை பார்க்கத்தான்’ என்ற விளக்கம் எடுபடாது. இரவில் பார்க்கும் கருவிகளையும் அதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். உள்ளே அளவுகோடு பொறித்த பழைய கடற்படை 7×50 பைனாக்குலர்களின் கண்ணாடி திறமானதுதான். ஆனாலும் சுங்க மேசையில் அந்தக் கோடுகளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க விரும்பாதவர் அதையும் விட்டுவிடலாம்.

தேடவேண்டியது 8×42, 8×30, 7×35. முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்வில்லையின் விட்டம் மில்லிமீற்றரில். எங்கள் கடல்நீரேரிகளில் வெயில் ஏறினால் சேற்றுத் தரையிலிருந்து கானல் எழும்பும். அதற்குப் பிறகு 10 மடங்கு உருப்பெருக்கத்தில் கூடுதலாகத் தெரிவது உள்ளானின் இறகு அல்ல, கானலின் நடுக்கம்தான். முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் பிரித்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு வரும்: 8×42 இல் 5.25 மில்லிமீற்றர், 8×30 இல் 3.75. விடியப்புறத்தில் பூநாரை பார்ப்பவருக்கு முதலாவது நல்லது. பகல் வெளிச்சத்துக்கு இரண்டாவதே தாராளம், கழுத்தும் நோகாது. 10–30×50 என்று விரிந்து சுருங்கும் சூம் வகையும், வில்லை சிவப்பாக மின்னும் வகையும் எந்த விலைக்கும் வேண்டாம். 20×60 ஐ முக்காலி இல்லாமல் கையில் பிடிக்க ஏலாது.

உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டியான அரியம் (பிறிசம்) பொறோ வகையா, றூஃப் வகையா என்பதில்தான் அதிகம் பேர் காசை விடுகிறார்கள். பொறோவில் முன்வில்லைகள் கண்வில்லைகளைவிட அகன்று நிற்கும். றூஃப் வகை இரண்டு நேர்க்குழல். பார்க்க நவீனமாக இருக்கும். ஆனால் றூஃப் அரியத்துக்குள் ஒளியலைகளின் அவத்தை, அதாவது அலைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் ஒழுங்கு, பிசகுவதால் நுணுக்கம் மங்கும். அதைத் திருத்தும் பூச்சை ஸைஸ் நிறுவனம் 1988 இல்தான் தன் பைனாக்குலர்களில் கொண்டுவந்தது. மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். ஆகவே எழுபதுகளின் றூஃப் பைனாக்குலர் எவ்வளவு பெரிய பெயரைச் சுமந்தாலும், அதே காலத்துப் பொறோ அதைவிட மலிவாகவும் தெளிவாகவும் இருக்கும். பொறோவுக்கு இந்தப் பிசகே கிடையாது. ஏலத்தில் கண்வைக்கத்தக்கவை: கிழக்கு ஜேர்மனியின் கார்ல் ஸைஸ் ஜெனா ஜெனொப்ரெம் 8×30, நிக்கொன் 8×30 இ, யப்பானில் செய்த சுவிவ்ற் ஓடுபொன் 8.5×44. ரெண்ரோ என்ற பெயரில் வந்த சோவியத் பைனாக்குலர்கள் இரும்புபோல் உழைக்கும், ஆனால் படம் மஞ்சள் தட்டும். ஸைஸ் ஜெனா பெயரில் போலிகள் உலாவுகின்றன. தொடர் எண்ணும் எழுத்தும் தெளிவாகத் தெரியும் படம் இல்லாவிட்டால் அந்த ஏலத்தைக் கடந்து போங்கள்.

இனி விற்பனைக் குறிப்பு. ‘சோதிக்கப்படவில்லை’ என்ற வாசகம் பழைய வானொலிக்குப் பொருந்தலாம். பைனாக்குலரைச் சோதிக்க மின்சாரமும் வேண்டாம், பற்றறியும் வேண்டாம். கண்ணில் வைத்தால் போதும். அப்படி எழுதியவர் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘உதிரிப்பாகத்துக்கு’ என்ற வகையில் போட்டதை வாங்கிவிட்டு வேலை செய்யவில்லை என்று முறையிட முடியாது. யப்பான் விற்பனையாளர்கள் ‘எக்ஸலண்ட்’ என்பதற்குப் பின்னால் நாலைந்து கூட்டல் குறி போடுவார்கள். அந்தத் தரப்படுத்தலை நம்பவேண்டாம், அதற்குக் கீழே ‘ஒளியியல்’ என்ற பகுதியில் எழுதியிருப்பதை நம்பலாம். பூஞ்சணம், மங்கல், கீறல் எதுவென்றாலும் பெரும்பாலும் அங்கே ஒரு வரியில் ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

குறிப்பில் இல்லாததைக் கேட்டு வாங்கவேண்டும், அதுவும் ஈபேயின் செய்திப் பெட்டிக்குள்ளேயே. பிறகு வழக்கு என்று வந்தால் அந்தச் செய்திதான் சாட்சி. கேட்கவேண்டிய படங்களில் முக்கியமானது ரோச் படம்: இருட்டறையில் கைத்தொலைபேசி வெளிச்சத்தை முன்வில்லைப் பக்கத்திலிருந்து சாய்வாகப் பாய்ச்சி, கண்வில்லைப் பக்கத்திலிருந்து எடுக்கவேண்டும், பிறகு மறுபக்கமாக ஒன்று. ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனி. சாதாரணப் படத்தில் பளிங்குபோல் தெரியும் கண்ணாடி இதில் உள்ளதைக் காட்டிவிடும். ஒரு புள்ளியிலிருந்து கிளைவிட்டுப் பரவும் மெல்லிய நூல்கள் பூஞ்சணம். முழு வில்லையிலும் சீராகப் படிந்த வெண்மங்கல் பழைய கிறீஸ் ஆவியாகிப் படிந்தது. இதைத் துடைத்து எடுக்கலாம். பூஞ்சணத்தையும் துடைக்கலாம், ஆனால் அது வில்லையில் ஒளி தெறிப்பதைத் தடுக்கும் பூச்சைத் தின்றிருந்தால் தழும்பு நிரந்தரம். வில்லையின் ஓரத்தில் வானவில் நிறத்தில் வளையமோ திட்டோ தெரிந்தால் இரண்டு வில்லைகளை ஒட்டிய பசை விட்டுப்போகிறது என்று அர்த்தம். அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை, வேண்டாம். நாலைந்து தூசித் துணிக்கைகள் எல்லாப் பழைய பைனாக்குலரிலும் இருக்கும், அவற்றால் படம் கெடாது.

இன்னும் இரண்டு படம் போதும். பைனாக்குலரை ஓர் அடி தள்ளி வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடித்து, கண்வில்லையில் தெரியும் சிறு ஒளிவட்டங்களை எடுக்கச் சொல்லுங்கள்: முழு வட்டமாக இருந்தால் அரியம் நல்ல கண்ணாடி, ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் சாம்பல் நிறத்தில் தெரிந்தால் மலிவுக் கண்ணாடி. ஒன்று வட்டமாகவும் மற்றது ஒரு பக்கம் அரிந்ததாகவும் தெரிந்தால் அரியம் நகர்ந்துவிட்டது. மற்றப் படம் முன்வில்லையில் மின்குமிழின் பிரதிபலிப்பு. வெள்ளையாக விழுந்தால் பூச்சு இல்லை, நீலமோ ஊதாவோ என்றால் ஒற்றைப் பூச்சு, பச்சையும் ஊதாவும் கலந்தால் பல்லடுக்கு. கேட்ட படத்தை அனுப்பாதவரிடம் ஏலம் கேட்கவேண்டாம். உரிந்த தோல், தேய்ந்த கறுப்புப் பெயின்ற், தொலைந்த மூடி, வெடித்த கண் றப்பர் இவையெல்லாம் விலையை இறக்கும், பார்வையைக் கெடுக்காது. இப்படியானதைத்தான் தேடி வாங்கவேண்டும்.

விற்பவரின் பின்னூட்டத்தில் சதவீதத்தைவிட எதை விற்றார் என்பதைப் பாருங்கள். ஒரு டொலர் ஸ்ரிக்கர் விற்று நூறு சதவீதம் எடுத்தவர் திடீரென்று விலைகூடிய சுவரோவ்ஸ்கி பைனாக்குலர் போட்டால் அந்தப் படம் வேறெங்கோ சுட்டதாக இருக்கலாம். கூகிளில் அந்தப் படத்தையே கொடுத்துத் தேடினால் பெரும்பாலும் பிடிபடும். வட்ஸ்அப்புக்கு வாருங்கள், வங்கியில் போடுங்கள், குறைத்துத் தருகிறேன் என்பவர் கள்ளன். ‘முதல் ஆள் விலகிவிட்டார், உங்களுக்கே தருகிறேன்’ என்ற மின்னஞ்சல் ஈபே செய்திப் பெட்டியிலும் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால் அது பொய்.

விலைக்கு வருவோம். ஏலம் கேட்கமுன் பின்னிருந்து முன்னாகக் கணக்குப் போடவேண்டும். வீட்டுக்கு வந்து சேர உச்சம் 150 டொலர் என்று வைப்போம். அனுப்பும் செலவு 38. சுங்கத்தில் தீர்வைகளோடு 18 சதவீத வற் வரியும் விழும். மொத்தத்துக்கும் 30 சதவீதம் ஒதுக்கிவைப்போம். இது எங்கள் ஒதுக்கீடு, சுங்க வீதம் அல்ல. வீதம் மாறிக்கொண்டிருப்பதால் வாங்கும் மாதத்தில் விசாரிக்கவேண்டும். 150 ஐ 1.3 ஆல் பிரித்தால் 115.38, அதில் 38 ஐக் கழித்தால் 77.38. அதுதான் உங்கள் உச்ச ஏலக் கேள்வி. அப்படியே 77.38 என்று போடுங்கள், 77 என்று நிறுத்தியவரைச் சில சதத்தால் வெல்லலாம். ஈபே உங்கள் உச்சத்தை மற்றவர்களுக்குக் காட்டாது. அடுத்தவரின் உச்சத்துக்கு மேல் ஒரு படி மட்டும் ஏற்றும். 25 டொலரிலிருந்து 100 டொலர் வரை அந்தப் படி ஒரு டொலர், 100 தாண்டினால் இரண்டரை.

நாலு நாள் முன்னதாகக் கேட்டு விலையை ஏற்றிவிடுவதில் பயனில்லை. கடைசிப் பத்து வினாடிக்குள் ஒரேயொரு கேள்வி, அதுவும் உச்சம். தோற்றால் தோற்றதுதான், அதே மாதிரி இன்னொன்று அடுத்த மாதம் வரும். நேரத்தையும் கவனியுங்கள். அமெரிக்க மேற்குக் கரையில் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு முடியும் ஏலம் எங்களுக்குத் திங்கள் காலை, அவர்களின் கோடையில் ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. லண்டனில் ஞாயிறு இரவு எட்டு மணி என்றால் இங்கே நள்ளிரவு தாண்டிவிடும், உள்ளூர்ப் போட்டியாளர்கள் எல்லாரும் சோபாவில் இருக்கும் நேரம் அது. பிரித்தானிய வேலைநாள் பகலில் முடியும் ஏலங்களில் கூட்டம் குறைவு, எங்களுக்கும் தோதான நேரம். வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் திறந்துவைக்காமல் ஏலம் வென்று தவிப்பவர்களும் உண்டு.

யாழ்ப்பாணத்துக்கே உரிய சிக்கல் விலாசம். லண்டனிலோ ரொறன்ரோவிலோ மச்சான் ஒருவர் இருப்பார். அவருடைய விலாசத்துக்கு எடுத்து, வருபவரிடம் கொடுத்துவிட்டால் அனுப்பும் செலவு மிச்சம். ஆனால் முதல் விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்த சாமானை அங்கிருந்து இன்னொரு இடத்துக்கு அனுப்பினால் ஈபேயின் பணமீட்பு உத்தரவாதம் பொருந்தாது. பார்சல் மாற்றி அனுப்பும் கம்பனிகளுக்கும் இதே கதைதான். ஆகவே மச்சானின் விலாசத்தைப் பாவிப்பதென்றால், பொதி அங்கே வந்த அன்றே வட்ஸ்அப் வீடியோவில் அவரைக்கொண்டு சோதனை செய்யவேண்டும். ‘வந்துட்டுது, அலுமாரிக்கை வைச்சிருக்கிறன்’ என்ற பதிலோடு தை மாதம் வரை இருந்தால் முறையிடும் தவணை முடிந்துவிடும். பெரிய தொகை என்றால் நேரே இங்கே எடுப்பதுதான் எங்கள் அபிப்பிராயம், தடமறியும் எண்ணோடு.

தவணை 30 நாள், பொதி கைக்கு வந்த நாளிலிருந்து. விவரணத்துக்கு மாறாக இருந்தால் ஈபே வழியாகவே திருப்பும் கோரிக்கை போடவேண்டும். விற்பவருக்கு மூன்று வேலைநாள், பிறகு ஈபேயைத் தலையிடச் சொல்லலாம். பொதியைத் திறப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்; சுங்கத்தில் திறந்து மறுபடி ஒட்டியிருந்தால் அந்த ரேப்பையும் படம் எடுங்கள்.

திறந்ததும் செய்யவேண்டிய சோதனை இது. காதோரம் வைத்து மெதுவாக ஆட்டுங்கள். உள்ளே கிலுகிலுத்தால் அரியம் கழன்றது. குவியச் சில்லைச் சுழற்றிக்கொண்டே ஒரு கண்வில்லையை விரலால் அழுத்துங்கள். கண்வில்லைகளைத் தாங்கும் பாலம் சாய்ந்து குவியம் போனால் தேய்மானம். பிறகு தூரத்துக் கிடைக்கோடு ஒன்று, மின்கம்பியோ பண்ணையில் நின்றால் அடிவானமோ. கண்ணிலிருந்து பைனாக்குலரை மெதுவாகப் பத்துப் பதினைந்து சென்ரிமீற்றர் விலக்குங்கள். இரண்டு வட்டத்திலும் கோடு ஒரே மட்டத்தில் ஓடவேண்டும். ஒன்று மேலும் மற்றது கீழுமாகப் படியேறினால் குழல்கள் இரண்டும் ஒரே திசையைப் பார்க்கவில்லை. சில நிமிடத்துக்கு மூளை சமாளிக்கும், அரை மணியில் தலையிடிக்கும். இரவில் ஒரு நட்சத்திரத்தில் உறுதிசெய்யலாம்: வலது கண் திருகைத் திருப்பி அந்தப் பக்கத்தை மங்கவிட்டால் வரும் வெளிச்சத் தட்டின் நடுவில் மற்றக் கண்ணின் புள்ளி நிற்கவேண்டும். விளிம்புக்கு வெளியே போனால் திருப்பி அனுப்புங்கள். தோலுக்கடியில் உள்ள திருகுகளைத் திருப்பிச் சரிசெய்யலாம் என்று மணிக்கூடு திருத்துபவர் சொல்வார். குழல்களின் நேரை அளக்கும் கருவியான கொலிமேற்றர் இல்லாத எவரையும் தொடவிடாதீர்கள், தொட்டபின் திருப்பும் உரிமையும் போய்விடும்.

விற்பவர்கள் பலர் திருப்பி எடுப்பதைவிட ஒரு பகுதிக் காசைத் தந்து முடிக்கப் பார்ப்பார்கள். மெல்லிய மங்கலுக்கு அது நியாயமான பேரம். குழல் பிசகுக்கும் பசை விட்டதற்கும் ஒத்துக்கொள்ளவேண்டாம்.

கூட வரும் பழைய தோற்பை வடிவாக இருக்கும். அதற்குள் பைனாக்குலரை வைக்கவேண்டாம். தோல் ஈரத்தைப் பிடிக்கும், பூஞ்சணம் அங்கிருந்துதான் கண்ணாடிக்கு ஏறும். பையைத் தனியாகக் கொழுவிவிட்டு, கருவியை இறுக்கமான பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஐப்பசி மழை தொடங்கினால் மாதத்துக்கு ஒருமுறை ஜெல்லின் நிறத்தைப் பாருங்கள். மாறியிருந்தால் 120 பாகை செல்சியசில் இரண்டு மணித்தியாலம் அவணில் வைத்தெடுத்துத் திரும்பப் போடலாம். அரிசிப் பேணிக்குள் வைக்கும் யோசனை வேண்டாம், தவிட்டுத் தூள் குவியச் சில்லுக்குள் போகும்.