செகண்ட் ஹேண்ட் எஸ்22: ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டிய பிறகு

நான் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பம். ஆன்லைனில் விளம்பரம் பார்த்து, புதுச்சேரி லாஸ்பேட்டைக்குப் போய் நேரில் வாங்கிய சாம்சங் கேலக்ஸி எஸ்22 இது. 2022-இல் வந்தபோது 72,999 ரூபாய். நான் கொடுத்தது கிட்டத்தட்ட அதில் மூன்றில் ஒரு பங்கு. இதே மாடல் ‘சீல் பிரிக்காத பாக்ஸ்’ என்று நான் கொடுத்ததில் பாதி விலைக்கும் விளம்பரத்தில் இருந்தது. பழசைவிடப் புதுசு மலிவாகக் கிடைத்தால் அது போலியாக இருக்கலாம்; அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

ஐஎம்இஐ, அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணைப் பார் என்று எல்லோரும் சொல்வார்கள். பார்க்க வேண்டியதுதான். *#06# அடித்தால் 15 இலக்க எண் வரும். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் கம்பெனியும் மாடலும் பதிலாக வரும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி ஆப்பிலும் பார்க்கலாம். தொலைந்துபோனது என்று யாராவது முடக்கி வைத்திருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஆனால் அதோடு நிறுத்தினால் போதாது. அசல் போன் ஒன்றின் எண்ணையே போலியில் ஏற்றிவிடுகிறார்கள். அப்போதும் பதில் ‘சாம்சங் எஸ்22’ என்றுதான் வரும். எண் அசல், போன் போலி. எண்ணை மாற்றினால் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2023 தொலைத்தொடர்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருக்கிறது என்பதற்காக நாம் சும்மா இருந்துவிட முடியுமா?

அதனால் நான் தேடியது, போலி செய்கிறவனுக்குக் கட்டுப்படியாகாத வசதிகளை. கேமராவை 8கே என்ற மிக உயர்ந்த தரத்துக்கு மாற்றி வீடியோ எடுத்தேன். இன்னொரு சாதனத்துக்கு வயர் இல்லாமல் சார்ஜ் கொடுக்கும் வயர்லெஸ் பவர்ஷேரை ஆன் செய்து, முதுகில் என் இயர்பட்ஸ் டப்பாவை வைத்தேன்; சார்ஜ் விளக்கு எரிந்தது. அதற்கான கம்பிச்சுருள் (காயில்) உள்ளே இல்லாமல் அது எரியாது. *#0*# அடித்ததும் டெஸ்ட் மெனு வந்தது. அதில் டிஸ்ப்ளே முழுக்க விரலை ஓட்டினேன். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ‘அபவுட்’ பகுதியில், சாதனம் சான்றளிக்கப்பட்டதா என்று ஒரு வரி இருக்கும், அதையும் பார்த்தேன். கடைசியாக, லேப்டாப்பிலிருந்து பெரிய பெரிய படக் கோப்புகளாக ஏற்றித் திரும்பத் திறந்து பார்த்தேன். போலிகளில் 256 ஜிபி என்று காட்டும். உள்ளே அதில் சிறு பகுதிகூட இருக்காது. நிரம்பிய பிறகு ஏற்றுவதெல்லாம் காணாமல் போகும்.

“இன்னுமா பாக்குறீங்க தம்பி?” என்று விற்றவர் கேட்டார். “கொஞ்சம் பொறுங்கண்ணா, இது ஒண்ணுதான் பாக்கி” என்றேன். சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்தார். அவசரப்படுத்தியிருந்தால் கிளம்பி வந்திருப்பேன். அவருடைய கூகுள் கணக்கை என் எதிரிலேயே நீக்கி, ரீசெட் செய்த பிறகுதான் பணம் அனுப்பினேன். பழைய கணக்கு நீங்காமல் ரீசெட் செய்தால் போன் பூட்டிக்கொள்ளும். பாக்ஸுக்கு நான் மதிப்பே தரவில்லை, அதை அச்சடிக்க எவ்வளவு ஆகிவிடும்? பில்லில் இருந்த ஐஎம்இஐ திரையில் வந்ததோடு ஒத்துப்போனதுதான் எனக்கு முக்கியம்.

வாங்கிய பிறகு சந்தேகத்தைச் சுத்தமாகப் போக்கியது அப்டேட். செக்யூரிட்டி பேட்ச், அதாவது பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட், கம்பெனியிலிருந்தே ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. இந்த மாடலுக்கு ஐந்து வருஷம் தருவதாக அறிவித்திருந்தார்கள்; அப்படியானால் 2027 வரை. தோற்றத்தை எப்படியும் காப்பி அடித்துவிடலாம், இதை முடியாது.

கேமரா இன்றைக்கும் அருமை, டிஸ்ப்ளேவில் குறையில்லை. பேட்டரிதான் வயதைக் காட்டுகிறது: 3,700 எம்ஏஎச், அதுவும் வேறொருவர் உழைத்துத் தேய்த்தது. புதுச்சேரி போய்வரும் நாளில் பவர் பேங்க் இல்லாமல் பஸ் ஏறுவதில்லை. தண்ணீர், தூசி புகாது என்பதற்கான ஐபி68 தரம் என்று பெயர் இருந்தாலும் இடையில் யாராவது பின்மூடியைத் திறந்து ஒட்டியிருந்தால் அந்தக் காப்பு போயிருக்கும். அதனால் சில்வர் பீச்சில் காலை நனைக்கும்போது போன் வண்டி டிக்கியில்தான். அடுத்த செலவு பேட்டரி மாற்றுவது. அதற்கு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போவேன்.