டைட்டானியத்தில் எலும்புப் பூச்சு: முக்கி எடுப்பதா, மின்புலத்தில் ஏற்றுவதா?

மூன்று வருடமாக எனக்கு ஒரே வேலை. கிரேடு 5 டைட்டானியத் தகட்டின் மேல் ஹைட்ராக்சிஅபடைட் பூச வேண்டும். நம் எலும்பிலும் பல்லிலும் இருக்கும் கால்சியம் பாஸ்பேட்டுக்கு நெருங்கிய உறவுக்காரப் பொருள் அது. இடுப்பு மூட்டுக்கோ பல்லுக்கோ வைக்கிற உலோகத்தைச் சுற்றி எலும்பு சீக்கிரம் வளர்ந்து பற்றிக்கொள்ளட்டும் என்றுதான் இந்தப் பூச்சு. முதல் ஒன்றரை வருடம் மின்புலத்தில் துகள்களை ஏற்றும் எலக்ட்ரோஃபோரெடிக் டெபாசிஷன், லேபில் சொல்வது போல இபிடி. பிறகு கரைசலில் முக்கி எடுக்கும் சால்-ஜெல் டிப் கோட்டிங்குக்கு மாறினேன், அதிலேயே இருக்கிறேன். புதிதாகச் சேரும் ஸ்காலர்கள் "அக்கா, எதுல ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். நான் சால்-ஜெல் கட்சி. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

பிளாஸ்மா ஸ்பிரே பற்றி ஒரு வார்த்தை. கம்பெனிகள் செய்வது அதுதான். 1985-இல் லண்டனில் ஃபர்லாங் என்ற அறுவை மருத்துவர் பொருத்திய ஹைட்ராக்சிஅபடைட் பூசிய இடுப்பு மூட்டும் அந்த வகைதான். பத்தாயிரம் டிகிரியைத் தாண்டும் பிளாஸ்மாவில் பொடியைத் தூவி உலோகத்தின் மேல் அடிப்பார்கள். ஐம்பது மைக்ரானும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அதற்கு மேலும் ஏறும். கல்லூரி லேபுக்கு எட்டாக் கனி என்பதால் இத்தோடு விடுகிறேன்.

இபிடி பார்க்க அழகான வேலை. ஹைட்ராக்சிஅபடைட் பொடியை ஐசோபுரொப்பனாலில் போட்டு அல்ட்ராசோனிக்கில் கலக்கி, கனமான துகள்கள் அடியில் படிந்ததும் மேலே நிற்கும் பால் நிறக் கலவையை மட்டும் இறுத்துக்கொள்ள வேண்டும். டைட்டானியத் தகடு எதிர்முனை, நேர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நடுவே ஒரு சென்டிமீட்டர். பவர் சப்ளையில் 30 வோல்ட் வைத்தால் போதும், நேர்மின்னூட்டம் ஏறிய துகள்கள் தகட்டை நோக்கி ஓடுகின்றன. இரண்டே நிமிடத்தில் சாம்பல் நிறத் தகடு வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். தண்ணீரில் செய்ய நினைக்காதீர்கள்: எதிர்முனையில் ஹைட்ரஜன் குமிழ் கிளம்பி, பூச்சு முழுக்க ஊசிக்குத்துப் போல ஓட்டை விழும். பத்து, இருபது மைக்ரான் கனம் சர்வசாதாரணம். முதல் வாரமே கைடிடம் காட்ட ஒரு மாதிரி கையில் இருக்கும். அந்தச் சந்தோஷத்தில்தான் நானும் ஒன்றரை வருடம் ஓட்டினேன்.

சால்-ஜெல்லில் அப்படி எதுவும் இல்லை. கால்சியம் நைட்ரேட்டும் ட்ரைஎத்தில் பாஸ்பைட்டும்தான் மூலப்பொருள். பாஸ்பைட்டின் நாற்றத்தைப் பற்றி எழுதினால் யாரும் இந்தப் பக்கம் வரமாட்டார்கள். அதைத் தண்ணீரோடு வினைபுரிய விட்டு, கால்சியக் கரைசலைச் சேர்த்து, ஒரு நாள் ஊற விட்டு, தகட்டை முக்கி மெதுவாக மேலே இழுக்க வேண்டும். டிப் கோட்டர் வாங்கக் காசில்லை. பழைய சிரிஞ்ச் பம்ப் ஒன்றை நிமிர்த்திக் கட்டி, அதில் நைலான் நூல் தொங்கவிட்டுச் செய்தோம். இழுக்கும் வேகம் கூடினால் படலம் தடிக்கும், குறைந்தால் மெலியும். தொடக்கத்தில் எல்லாரும் இதைத் தலைகீழாகவே நினைக்கிறார்கள். இழுக்கும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள். மே மாதத்திலும்தான். மூன்று முறை முக்கி எடுத்தும் கிடைப்பது ஒரு மைக்ரான் கனம். தகட்டைச் சாய்த்துப் பிடித்தால் எண்ணெய் பட்ட தண்ணீர் போல வண்ணம் காட்டும், அவ்வளவுதான்.

இரண்டு பூச்சும் உலைக்குள் போக வேண்டியவை. என் கட்சி மாறியது அங்கேதான்.

இபிடி பூச்சு உலைக்குப் போகும்வரை வெறும் ஒட்டிக்கொண்ட பொடி. விரலால் தேய்த்தால் வந்துவிடும். துகளோடு துகள் சேர்ந்து இறுக 800 டிகிரிக்கு மேல் வேண்டும். நன்றாக இறுக ஆயிரத்தைத் தொட வேண்டும். சால்-ஜெல்லில் அணுக்கள் கரைசலிலேயே கலந்து கிடப்பதால் 500 டிகிரியிலேயே அபடைட் உருவாகிவிடுகிறது. வித்தியாசம் 300 டிகிரி என்று கேட்கும்போது சின்னதாகத் தோன்றும். டைட்டானியத்திடம் கேட்டால்தான் தெரியும்.

முதலில் மஃபிள் ஃபர்னஸில், காற்றில், 850 டிகிரிக்குச் சுட்டேன். மறுநாள் கதவைத் திறந்தால் பூச்சு அப்பளம் மாதிரி முழுசாக எழும்பி நின்றது. தூக்கிப் பார்த்தேன், அடியில் மஞ்சளாக இன்னொரு தோல். பூச்சு உலோகத்தை விட்டுப் பிரியவில்லை. உலோகத்தின் மேல் வளர்ந்த ஆக்சைடுதான் உலோகத்தை விட்டுக் கழன்று, பூச்சையும் தன்னோடு கிளப்பிக்கொண்டு வந்திருந்தது. சரி, காற்று வேண்டாம், வெற்றிடத்தில் சுடுவோம் என்று வேறொரு நிறுவனத்தின் வேக்யூம் ஃபர்னஸுக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தேன். உலோகம் பளபளவென்று திரும்பி வந்தது. ஆனால் எஃப்டிஐஆரில் (அகச்சிவப்பு ஒளியால் வேதிப் பிணைப்புகளைப் பார்க்கும் சோதனை) 3570-ஐ ஒட்டி நிற்க வேண்டிய ஹைட்ராக்சில் முகடு கரைந்துபோயிருந்தது. நீராவியே இல்லாத சூழலில் அபடைட் தன் ஹைட்ராக்சிலை இழக்கிறது, அதன் பிறகு ட்ரைகால்சியம் பாஸ்பேட்டாகச் சிதைய ஆரம்பிக்கிறது; பக்கத்தில் டைட்டானியம் இருந்தால் சிதைவு இன்னும் வேகம். காற்றில் சுட்டால் உலோகம் கெடும், வெற்றிடத்தில் சுட்டால் பூச்சு கெடும். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி.

இதைக்கூட ஆர்கானில் கொஞ்சம் ஈரம் கலந்து சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது சுருக்கம். ஒரு டிகிரி சூட்டுக்கு டைட்டானியம் பத்து லட்சத்தில் சுமார் 9 பங்கு விரியும், ஹைட்ராக்சிஅபடைட் சுமார் 14 பங்கு. ஆறும்போது பூச்சு அதிகம் சுருங்கப் பார்க்கும், உலோகம் விடாது. ஆக பூச்சு இழுவிசையில் மாட்டிக்கொள்கிறது. 850-இலிருந்து 30 டிகிரிக்கு வந்தால் 0.41 சதவீத இழுப்பு. 500-இலிருந்து வந்தால் 0.24-ஐத் தாண்டாது. இந்தப் பீங்கான் தோராயமாக 0.1 சதவீதத்திலேயே உடையக்கூடியது. அப்படியானால் இரண்டும் வெடிக்க வேண்டுமே? வெடிக்காமல் காப்பாற்றுவது மெல்லிய உடம்பு. விரிசல் ஓடத் தேவையான ஆற்றல் பூச்சுக்குள் சேர்ந்திருக்க வேண்டும். அது இழுப்பின் வர்க்கத்தோடும் கனத்தோடும் கூடுகிறது. இழுப்பின் வர்க்கத்தில் மூன்று மடங்கு. கனத்தில், 20 மைக்ரானுக்கு 1 மைக்ரான் என்று வைத்தால், இருபது மடங்கு. என் இபிடி பூச்சு சால்-ஜெல் பூச்சைவிட அறுபது மடங்கு ஆற்றலை வயிற்றில் கட்டிக்கொண்டு ஆறுகிறது. உத்தேசக் கணக்குதான். இதுபோக, பொடி இறுகும்போது வரும் சுருக்கம் தனி. எஸ்இஎம் என்ற எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 500 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் சித்திரை மாதத்துக் கண்மாய்த் தரை. ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்ட ஓட்டுத் துண்டுகள், இடையில் கறுப்பாக டைட்டானியம். ஒரு வருடம் இந்தப் படத்தையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒட்டுறுதிக்கு ஐஎஸ்ஓ 13779 என்ற சர்வதேசத் தரநிலை கேட்பது குறைந்தது 15 மெகாபாஸ்கல். அதற்கான இழுவைச் சோதனையில் எபாக்ஸியால் ஒட்டி இழுப்பார்கள். ஒரு மைக்ரான் படலத்தில் எங்காவது எபாக்ஸி ஊடுருவி உலோகத்தைத் தொட்டுவிட்டால் பசையின் வலிமையைத்தான் அளந்துகொண்டிருப்போம், சால்-ஜெல் ஆட்கள் பெருமையாகச் சொல்லும் எண்களில் இந்தச் சந்தேகத்துக்கு இடம் உண்டு, என்னுடையதையும் சேர்த்து. குறுக்கும் நெடுக்கும் கீறி டேப் ஒட்டி உரித்த சோதனையை நான் கூடுதலாக நம்புகிறேன். இபிடி டேப்போடு வந்தது, சால்-ஜெல் வரவில்லை. உடல் திரவத்தின் உப்புகளைப் போலக் கலந்த எஸ்பிஎஃப் கரைசலில் ஊறப்போட்டால் இரண்டிலுமே புது அபடைட் வளர்கிறது, அதை வைத்து எதையும் தேர்வு செய்ய முடியாது. (பாலிபுரொப்பிலீன் பாட்டிலில் ஊறப்போடுங்கள். கண்ணாடிச் சுவரின் கீறல்களிலும் அபடைட் பிடிக்கும்.)

சால்-ஜெல்லுக்கும் தலைவலி உண்டு. முதலாவது அவசரம். பாஸ்பைட் முழுதாக வினைபுரியாமல் சூட்டுக்குப் போனால் பாஸ்பரஸ் ஆவியாகிப் போய்விடும், கால்சியம் மட்டும் மிஞ்சும். ஒருமுறை ஸ்லாட் கிடைத்த பரபரப்பில் நாலு மணி நேரத்திலேயே முக்கி எடுத்துச் சுட்டேன். எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர் சிதறும் கோணத்தை வைத்துப் படிகத்தை அடையாளம் காணும் சோதனை) 37.4 டிகிரியில் கூர்மையாக ஒரு முகடு: கால்சியம் ஆக்சைடு, சுட்ட சுண்ணாம்பு. சுண்ணாம்பு ஈரம் பட்டால் என்ன செய்யும் என்று காளவாய் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அடுத்த வாரத்துக்குள் பூச்சு பொரிந்து உதிர்ந்தது. இப்போதெல்லாம் அதே கரைசலில் கொஞ்சம் எடுத்துக் காயவைத்துச் சுட்டு, அந்தப் பொடிக்கு எக்ஸ்ஆர்டி பார்த்த பிறகே தகட்டைத் தொடுகிறேன்.

இரண்டாவது, நம் ஊர்க் காற்று. கால்சியம் நைட்ரேட் பாட்டிலைத் திறந்து வைத்தால் ஐப்பசி மாதத்தில் பாகாகிவிடும். லேபிளில் உள்ள மூலக்கூறு எடையை நம்பி எடை போட்டால் கால்சியம் குறையும். கால்சியமும் பாஸ்பரஸும் 1.67 என்ற விகிதத்தில் இருந்தாக வேண்டும். கரைசலாக்கி இடிடிஏ டைட்ரேஷன் போட்டுவிடுங்கள். பி.எஸ்சி.யில் கடினநீருக்குச் செய்த அதே வேலை, நிறங்காட்டியான மியூரெக்சைடு இளஞ்சிவப்பிலிருந்து ஊதாவுக்கு மாறும். பத்து நிமிடம்.

இனி நான் தயங்கும் இடங்கள். 500 டிகிரியில் உருவாகும் அபடைட்டின் எக்ஸ்ஆர்டி முகடுகள் அகலமானவை, படிகத்தன்மை குறைவு. படிகத்தன்மை குறைந்தால் கரைவது வேகம். ஒரு மைக்ரான் பூச்சு எலும்பு வந்து பிடிக்கும்வரை உடம்புக்குள் தாக்குப்பிடிக்குமா என்பதில் என் கையில் இருப்பது எஸ்பிஎஃப்பும் ஒரு செல் கல்ச்சரும் மட்டுமே. விலங்குச் சோதனை நான் செய்ததில்லை. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானோடு கலந்து இபிடி செய்து, சுடாமலே விடும் வழியும் உண்டு. நான் இவ்வளவு நேரம் உலை, உலை என்று புலம்பியது அதற்குப் பொருந்தாது. இரண்டு மாதிரிதான் செய்து பார்த்திருக்கிறேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வேலை செய்பவர்களுக்கும் என் கணக்கு தலைகீழ். அது 16, 17 பங்கு விரிவதால், ஆறும்போது பூச்சை இழுக்காது, நெருக்கிப் பிடிக்கும்.

அப்புறம் வடிவம். நான் சொன்னது எல்லாம் தட்டைத் தகட்டுக்கு. மரை உள்ள ஸ்க்ரூவை முக்கி எடுத்தால் மரையின் பள்ளத்தில் கரைசல் தேங்குகிறது, அங்கே படலம் தடித்து, சுட்டதும் அதே கண்மாய் வெடிப்பு. வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், கரைசலை நீர்க்க வைத்துப் பார்த்தேன், பள்ளம் கேட்கவில்லை. இபிடியில் மரையின் முகட்டில் கொஞ்சம் தடித்தாலும் பள்ளம் வரை ஓரளவு போய்ச் சேருகிறது. அடுத்த மாதம் எங்கள் கைடு பல் மருத்துவத்துக்கான ஸ்க்ரூ பத்து வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அலமாரியில் தூசி படிந்து கிடந்த இபிடி செல்லை நேற்று இறக்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். கைட்டோசானுக்கு இன்டென்ட் போட்டாயிற்று.