உடன்படிக்கையை மீறினால்: லேவியராகமம் 26ஆ, உபாகமம் 28ஆ?

தேவன் இஸ்ரவேலரோடு செய்த உடன்படிக்கைக்குக் கீழ்ப்படிந்தால் ஆசீர்வாதம், மீறினால் தண்டனை என்று சொல்லும் இரண்டு வேதாகம அதிகாரங்கள் இவை. வேதபாடத்துக்கு இவற்றில் எதை எடுப்பது என்று தடுமாறுகிறவர்களுக்காக.

பேசுபவர்: லேவியராகமத்தில் தேவனே "நான்" என்கிறார், இடம் சீனாய். உபாகமத்தில் மோசே, மோவாப் தேசத்தில், பெரும்பாலும் "நீ" என்று ஒருமையில்.

அமைப்பு: முன்னதில் எச்சரிப்பு படிப்படியாக ஏறுகிறது. 18, 21, 24, 28 ஆகிய நான்கு வசனங்களிலும் "ஏழத்தனை" (ஏழு மடங்கு) என்ற சொல் வருகிறது. ஒவ்வொரு படிக்கு முன்னும் "இன்னும் செவிகொடாதிருந்தால்" என்பதுபோன்ற நிபந்தனை உண்டு. அதாவது, ஒவ்வொரு படியிலும் திரும்பிவர வாசல் திறந்தே இருக்கிறது. இதைத் தவறவிட்டால் அதிகாரமே வெறும் பயமுறுத்தலாகத் தோன்றும். பின்னதில் படிகள் இல்லை. ஆசீர்வாதத்துக்கு 14 வசனம், சாபத்துக்கு 54.

வானம், பூமி: லேவியராகமத்தில் வானம் இரும்பு, பூமி வெண்கலம். உபாகமத்தில் வானம் வெண்கலம், பூமி இரும்பு. மனப்பாடம் செய்பவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள்.

முடிவு: லேவியராகமம் 26:40–45 வசனங்களில் அறிக்கையிடுதலும் யாக்கோபோடு செய்த உடன்படிக்கையின் நினைவும் வருகின்றன. உபாகமம் 28 எகிப்துக்குத் திரும்பும் கப்பல்களோடு நின்றுவிடுகிறது. மீட்பு 30ஆம் அதிகாரத்தில்தான்.

ஒரே வகுப்பு என்றால் லேவியராகமம். இஸ்ரவேலரின் முற்றுகை, சிறையிருப்பு (நாடுகடத்தப்பட்ட காலம்) வரலாற்றோடு தொடர்பாகப் படிக்க உபாகமம். ஆனால் 30:1–10 வரை வாசிக்காமல் நிறுத்தாதீர்கள்.